கூட்டுச்செடிக்கு வந்த பூச்சி

என் நாத்தனாரின் செடியை நான்தான் கொன்றேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கெட்ட எண்ணத்தில் கொல்லவில்லை, நல்ல எண்ணத்தில் கொன்றேன். இதுவரை நான் செய்த பெரிய சேதங்கள் எல்லாமே நல்ல எண்ணத்தில் செய்தவைதான் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அவர் சொல்வதில் பாதியை நான் காதில் வாங்குவதில்லை. இது அந்த இன்னொரு பாதி.

நாத்தனார் என் வீட்டுக்காரரின் அக்கா. நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். அவர் ரயிலில் ஒரு மணி நேரத் தூரத்தில், கிள்ளானில் தனியாக இருக்கிறார். நாங்கள் இருவரும் பிரிக்ஃபீல்ட்ஸில் நான்காவது மாடி பிளாட்டில் இருக்கிறோம். பிள்ளைகள் வேலை, கல்யாணம் என்று பூச்சோங் பக்கம் போய்விட்டார்கள்.

செடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது ஒரு பெரணி. காட்டு மரங்களின் கிளையில் பறவைக் கூடு மாதிரி உட்கார்ந்திருக்குமே, நீள நீளமாக வாழைக்குருத்துப் பச்சையில் இலை விட்டு, அந்த வகை. எங்கள் குடும்பத்தில் அதற்குக் கூட்டுச்செடி என்று பேர். அண்ணியின் கணவர் கொண்டுவந்தது. முறைப்படி அவர் எனக்கு அண்ணன். கொமுட்டர் என்கிற புறநகர் ரயில் ஓட்டினார். ஒரு பெருமழைக்கு மறுநாள், ஸ்டேஷனுக்கு வெளியே ஒடிந்து விழுந்த மரக்கிளையில் இது ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து, சீருடையோடு தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். தொட்டி வாங்கும் வரைக்கும் இருக்கட்டும் என்று, பழுதாகிப்போன ரைஸ் குக்கரின் உள்சட்டியில் ஓட்டை போட்டு அதில் வைத்தார். தொட்டி வாங்கவே இல்லை. செடி அந்தச் சட்டியிலேயே இருபது வருஷத்துக்கு மேல் வாழ்ந்தது.

அந்தச் செடியில் ஒரு விசேஷம் இருந்தது. இலை ஒவ்வொன்றின் நுனியும் இரண்டாகப் பிரிந்திருக்கும், பாம்பின் நாக்கு மாதிரி. மற்ற கூட்டுச்செடிகளுக்கு அப்படி இருக்காது. "என் பொண்டாட்டியும் தங்கச்சியும் பேசுறதைக் கேட்டுக் கேட்டு இதுக்கும் ரெட்டை நாக்கு வந்துருச்சு," என்று அண்ணன் வருகிறவர்களிடம் எல்லாம் காட்டுவார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்கும் அண்ணிக்கும் கல்யாணத்திலிருந்தே ஆகாது. நான் கோபக்காரி. அண்ணி என்னைவிடக் கோபக்காரி. எனக்குக் கோபம் வந்தால் சத்தம் வரும். அவருக்குக் கோபம் வந்தால் மரியாதை வரும். சாதாரண நாளில் "ஏ புள்ள, இங்க வா" என்பவர், கோபம் வந்துவிட்டால் "நீங்க உக்காருங்க, நீங்க சாப்பிடுங்க" என்று ஆரம்பித்துவிடுவார். அதற்கு அவர் நாலு அறை அறைந்துவிடலாம். என் முதல் தீபாவளிக்கு நான் சுட்ட முறுக்கைக் கடித்துப் பார்த்து, "நல்லா சுட்டிருக்கீங்க, பல் டாக்டருக்கு வேலை குடுக்கணும்ல," என்றார். நானும் சும்மா இருக்கவில்லை. இருந்த பல்லைப் பற்றி ஏதோ சொன்னேன். மூன்று மாதம் பேச்சு இல்லை.

அப்படிப்பட்ட நேரத்திலெல்லாம் நடுவில் நின்றவர் அண்ணன். எங்கள் கல்யாணத்துக்கே வெற்றிலைத் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து பெண் கேட்டவர் அவர்தான். அதன் பிறகும் அந்த வேலையை அவர் விடவில்லை. எனக்குப் போன் செய்து, "உங்க அண்ணி உன்னை நினைச்சு வருத்தப்படுறாம்மா," என்பார். அண்ணியிடம் போய், "தங்கச்சி உன்கிட்ட மன்னிப்புக் கேக்கச் சொல்லுச்சு," என்பார். இரண்டுமே பச்சைப் பொய். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் ஒரே அடுப்படியில் நின்று மீன் ஆய்ந்துகொண்டிருப்போம்.

அவர் ஒரு நாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருக்கையிலேயே போய்விட்டார். அதற்குப் பிறகு எனக்கும் அண்ணிக்கும் நடுவில் ஆள் இல்லை. சண்டையும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. விசேஷங்களில் பார்த்தால் "நல்லா இருக்கீங்களா", "நல்லா இருக்கேன் அண்ணி" என்பதோடு சரி. எப்போதும் "நீங்க"தான்.

இரண்டு வருஷம் இப்படியே போனது. பிறகு ஒரு தீபாவளி முடிந்ததும் அண்ணி, ஒரு கோயில் குழுவோடு காசி, ராமேஸ்வரம் என்று நாற்பது நாள் யாத்திரை கிளம்பினார். கிளம்புவதற்கு முதல் நாள் அவரே டாக்ஸியில் வந்து, ரைஸ் குக்கர் சட்டியை என் கையில் கொடுத்தார். நான்கு மாடி ஏறிவிட்டு மூச்சு வாங்க வாங்கச் சொன்னார்.

"அவரு வச்சது. ஒன்னும் செய்ய வேணாம். தண்ணி மட்டும் காட்டு. பாத்துக்குவியா?"

பாத்துக்குவியா என்றார். பார்த்துக்கொள்வீர்களா என்று கேட்கவில்லை. அண்ணன் இல்லாமல் அவராக வந்து என்னிடம் கேட்ட முதல் காரியம் அது. எனக்குத் தலைகால் புரியவில்லை. உயிரைக் கொடுத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். ஒன்றும் செய்ய வேண்டாம் என்று அவர் சொன்னது மட்டும் மண்டையில் ஏறவில்லை.

நாலாவது நாள் இலையைத் துடைக்கிறேன் பேர்வழி என்று திருப்பிப் பார்த்தேன். இலையின் அடியில் நடு நரம்பிலிருந்து இரண்டு பக்கமும் பழுப்பாகக் கோடு கோடாக ஓடியது, சீப்புப் பல் மாதிரி. தொட்டால் விரலில் தூள் ஒட்டியது. ஒரு இலையில் இல்லை, பெரிய இலைகள் அத்தனையிலும். பூச்சி முட்டை என்று முடிவு கட்டிவிட்டேன். என் பொறுப்பில் வந்து நாலு நாளில் செடிக்குப் பூச்சியா என்று ஆத்திரம் வந்தது.

நான் பிறந்து வளர்ந்தது ரவாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். அங்கே அப்பா கறிவேப்பிலைக்குப் பூச்சி வந்தால் சவர்க்காரத் தண்ணீரில் மண்ணெண்ணெய் கலந்து அடிப்பார். கறிவேப்பிலை தாங்கும். நானும் ஒரு வாளியில் அதையே கலந்தேன். கிருமி சாகட்டும் என்று இரண்டு கரண்டி மஞ்சள்தூளும் போட்டேன். பழைய டூத்பிரஷ் எடுத்து இலை இலையாக இரண்டு மணி நேரம் தேய்த்தேன். மிஞ்சியதைக் கொட்ட மனசில்லாமல், வேருக்கும் போகட்டும் என்று கூட்டின் நடுவிலேயே ஊற்றினேன். மோசமாக இருந்த மூன்று இலைகளை அதற்கு முன்பே வெட்டி, பழைய பேப்பரில் போட்டு வாஷிங் மெஷினுக்குப் பின்னால் தள்ளி வைத்திருந்தேன். அன்று ராத்திரி, ஒரு உயிரைக் காப்பாற்றிய திருப்தியோடு தூங்கினேன்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. ஒரு வாரத்தில் நடுக்குருத்து கறுத்தது. இரண்டாம் வாரம் இழுத்துப் பார்த்தேன், ஈரத்துணி மாதிரி மொத்தமாகக் கையோடு வந்துவிட்டது.

அன்றைக்கே காசியிலிருந்து வீடியோ அழைப்பு. பின்னால் படித்துறை தெரிந்தது, மணிச்சத்தம் கேட்டது. "செடி எப்படி இருக்கு?" என்றார் அண்ணி.

"நல்லா இருக்கு அண்ணி."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் இருமினார். காசியைப் பார்த்தபடி பொய் சொன்ன பாவம் எந்தக் கணக்கில் சேருமோ தெரியவில்லை.

என் திட்டம் எளிமையானது. அதே மாதிரி ஒரு செடி வாங்கி அதே சட்டியில் வைத்துவிடுவது. அடையாளம் காட்டுவதற்கு, வாஷிங் மெஷினுக்குப் பின்னால் கிடந்த இலைகளைப் பேப்பரோடு மடித்து எடுத்துக்கொண்டேன். வீட்டுக்காரர் காரில் சுங்கை பூலோவுக்கு அழைத்துப் போனார். அங்கே சாலையோரம் நெடுக நர்சரிகள். ஒன்றில் வயதான சீனர் ஒருவர் இருந்தார். ரப்பர் தோட்டத்துத் தமிழர்களோடு வளர்ந்தவர், தமிழ் தண்ணீர் பட்ட பாடு. மரியாதை விகுதி மட்டும் அவருக்கு வராது. நாட்டுக்கே ராஜா வந்தாலும் நீதான். பேச்சுக்குப் பேச்சு இந்த ஊர் வழக்கப்படி ஒரு 'லா' வேறு.

கூட்டுச்செடி அவரிடம் ஐம்பதுக்கு மேல் இருந்தது. ஒன்றுக்குக்கூட நுனி பிரியவில்லை. "இந்த மாதிரி இல்ல லா. எங்கயும் கிடைக்காது," என்றார். பிறகு பேப்பரைப் பிரித்தவர் குனிந்து பார்த்தார். இலைகள் காய்ந்து சுருண்டிருந்தன. அவற்றுக்கு அடியில், செய்திக்கும் விளம்பரத்துக்கும் மேல், காப்பித்தூள் மாதிரி பழுப்புத் தூள் கோடு கோடாகக் கொட்டிக் கிடந்தது.

"இலை எப்படிச் செத்துச்சு?" என்றார்.

பூச்சி வந்ததையும் மருந்து ஊற்றியதையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தூளை விரலில் தொட்டுக் காட்டினார்.

"பூச்சி இல்ல, தங்கச்சி. இதுதான் அதோட விதை மாதிரி. பெரணிக்குப் பூவும் இல்ல, காயும் இல்ல. இலைக்குப் பின்னாலதான் எல்லாம். நீ பிள்ளைங்களைத் தேய்ச்சுக் கழுவிட்டு, அம்மாவையும் கொன்னுட்ட."

என் வீட்டுக்காரர் பூந்தொட்டிகளின் விலையைப் பார்க்கிற மாதிரி அந்தப் பக்கம் போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"அழுவாத லா. இந்தத் தூள் இருக்குல்ல," என்றார் அவர். ஆனால் ஒரு விஷயம் சொன்னார், அது எனக்கு அன்று சரியாகப் புரியவில்லை. இந்தத் தூளைப் போட்டால் பெரணி முளைக்காதாம். வேறு ஏதோ முளைக்குமாம். நகத்தில் பாதிகூட இருக்காது, தண்டு கிடையாது, நுனி சுருண்ட இலை கிடையாது, பார்த்தால் குட்டி வெற்றிலை மாதிரி தரையோடு ஒட்டிக் கிடக்கும். அதற்கு அடியில்தான் ஆணும் பெண்ணும். அவை இரண்டும் சேர்ந்த பிறகு அந்த வெற்றிலையிலிருந்து எழுந்து வருவதுதான் பெரணி.

"அம்மா மாதிரி பிள்ளை இருக்காது. பேரப்பிள்ளைதான் அம்மா மாதிரி," என்றார். நுனி பிரியுமா என்று கேட்டேன். "கொஞ்சம் பிரியும், கொஞ்சம் பிரியாது. எனக்குத் தெரியாது. சாமிக்குத்தான் தெரியும்."

முறையும் சொல்லிக் கொடுத்தார். சிவப்புச் செங்கல் துண்டு ஒன்றைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுக்க வேண்டும். மூடி போட்ட டப்பாவில் அரை விரல் உயரம் தண்ணீர் விட்டு அதில் செங்கலை நிறுத்தி, மேலே தூளைத் தூவி, மூடிவிட வேண்டும். மேலே தண்ணீர் ஊற்றக் கூடாது, செங்கல் அடியிலிருந்து குடித்துக் கொடுக்கும். கடைசியாக இன்னும் ஏதோ சொன்னார். அதற்குள் என் மண்டை செங்கல்லில் நின்றுவிட்டது.

எங்கள் வீட்டில் மூடி இறுக்கமான டப்பா என்றால் முறுக்கு டப்பாதான். இந்த ஊரில் தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் சீனப் பெருநாளுக்கும் எல்லா வீட்டு மேசையிலும் இருக்குமே, கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக், சிவப்பு மூடி. அதில் செங்கல்லை வைத்து, துணி காயப்போடும் பால்கனியில் வெயில் படாத மூலையில் வைத்தேன். செங்கல், எங்கள் பிளாட்டுக்குப் பின்னால் கட்டட வேலை நடக்கிற இடத்தில் கேட்டு வாங்கியது. ஒரே ஒரு செங்கல் கேட்ட பெண்பிள்ளையை அவர்கள் அதற்கு முன் பார்த்ததில்லை.

மூன்று வாரம் ஒன்றுமில்லை. பிறகு செங்கல்லின் மேல் பச்சை பூசிய மாதிரி ஒரு நிறம். என் வீட்டுக்காரர் பேப்பர் படிக்கிற பூதக்கண்ணாடியை வைத்துப் பார்ப்பதே எனக்குக் காலை வேலையாகிவிட்டது. பச்சை மெல்ல மெல்லச் செதில் செதிலாகப் பிரிந்தது. பிறகு ஒரு நாள் பார்த்தால், சொன்ன மாதிரியே, கொத்தமல்லி விதை அளவில் குட்டிக் குட்டி வெற்றிலைகள். எண்ண முடியாத அளவுக்கு. ஒன்றின் மேல் ஒன்று நெருக்கிக்கொண்டு நின்றன. எனக்கு உடம்பு சிலிர்த்தது. நான் இதற்கு முன் எத்தனையோ பூந்தொட்டியில், கால்வாய் ஓரத்தில், குளியலறைச் சுவரில் இதைப் பாசி என்று நினைத்துத் தேய்த்துத் தள்ளியிருப்பேன்.

இதற்குள் அண்ணி திரும்பி வந்துவிட்டார். செடி கேட்டார். "இங்க காத்து நல்லா இருக்கு அண்ணி, கொஞ்ச நாள் இருக்கட்டும்," என்றேன். அவராக வந்து எடுத்துக்கொள்ள முடியாது. யாத்திரையில் நடந்து நடந்து முட்டி வீங்கியிருந்தது, எங்கள் பிளாட்டில் லிஃப்ட் பல மாதமாக ஓடவில்லை. மொத்தக் கட்டடமும் நிர்வாகத்தைத் திட்டிக்கொண்டிருந்தபோது, நான் ஒருத்தி மட்டும் அந்த லிஃப்ட் அப்படியே கிடக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு நான்கு மாடி ஏறும்போதுகூட வேண்டினேன்.

ஆனாலும் பயம். யாராவது கைத்தாங்கலாக அழைத்துவந்துவிட்டால்? அதனால் நானே முந்திக்கொண்டு வாராவாரம் கிள்ளானுக்குப் போனேன். ஒரு வாரம் தோசை மாவு, ஒரு வாரம் முட்டிக்குத் தைலம். அண்ணி காசிக் கதை சொல்வார், நான் கேட்பேன். போகப்போக நானும் கதை சொன்னேன். "செடி உசுரோட இருந்தப்ப வருஷத்துக்கு நாலு தடவை போன. செத்த பிறகு வாராவாரம் போற," என்றார் என் வீட்டுக்காரர். வாயை மூடிக்கொண்டு காரை ஓட்டுங்கள் என்றேன்.

இப்படி நாலு மாதம் ஓடியது. வெற்றிலைகள் வெற்றிலைகளாகவே இருந்தன. ஒரு பெரணிகூட எழவில்லை. மூடியைத் திறக்கவே பயந்து, சொன்னபடி அடியில் மட்டும் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்தப் பாழாய்ப்போன லிஃப்டைச் சரிசெய்தார்கள். எனக்குத் தெரிவதற்கு முன்னால் என் வீட்டுக்காரர் தம்பிப் பாசத்தில் அக்காவுக்குச் செய்தி சொல்லிவிட்டார். மறுநாள் மதியம் கதவைத் திறந்தால் அண்ணி நிற்கிறார், கையில் சின்னச் செப்புச் சொம்பு, மாவிலை.

"காசித் தீர்த்தம் கொண்டாந்து நாலு மாசம் ஆச்சு. எல்லாரு வீட்டுக்கும் தெளிச்சாச்சு, உன் வீட்டுக்குத்தான் பாக்கி," என்றபடி உள்ளே வந்தார். காலி சட்டியை நான் காலாலேயே கட்டிலுக்கடியில் தள்ளினேன். "செடி எங்க?"

"சர்வீஸுக்குப் போட்டிருக்கேன் அண்ணி. நர்சரியில. மண்ணு மாத்தி…"

"செடிக்குச் சர்வீஸா?"

"இப்பல்லாம் அப்படித்தான்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, நான் பூசணித் தோட்டத்தையே மறைத்துக்கொண்டிருந்தேன். அண்ணி மாவிலையால் தெளிக்க ஆரம்பித்தார். சாமி அறை, அடுப்படி, கட்டில், குளிர்சாதனப் பெட்டி, என் வீட்டுக்காரரின் வழுக்கை. நான் அடுப்படிக்குப் போய்த் தேத்தண்ணி கலக்கிக்கொண்டு வருவதற்குள் பால்கனிக்குப் போய்விட்டார். முறுக்கு டப்பாவைப் பார்த்தவருக்கு ஆசை வந்திருக்கிறது. திறந்துவிட்டார்.

"முறுக்கு டப்பாக்குள்ள என்னா இது, செங்கல்லு? பாசி புடிச்சிருக்கு?"

"அது சும்மா… ஒரு பரிட்சை மாதிரி…" என்று நான் ஓடி வருவதற்குள், "பாசின்னாலும் உசுருதானே," என்று சொம்பில் மிஞ்சியிருந்த தீர்த்தத்தை முழுசாகச் செங்கல் தலையில் ஊற்றிவிட்டார். அபிஷேகம் மாதிரி. வெற்றிலை எல்லாம் தண்ணீரில் மிதந்தது.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே. நாலு மாதம் ஒரு சொட்டு மேலே படாமல் காத்தது. ஆனால் எந்த வாயால் திட்டுவது? பல்லைக் கடித்துக்கொண்டு, "நல்லதுங்க அண்ணி," என்றேன். அவர் போன பிறகு செங்கல்லைச் சாய்த்துத் தண்ணீரை வடித்தேன். பூசணம் பிடிக்கும், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். வெறுத்துப்போய் ஒரு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை.

பிறகு ஒரு காலையில் துணி காயப்போடும்போது டப்பாவுக்குள் ஏதோ நிமிர்ந்து நிற்கிற மாதிரி தெரிந்தது. பூதக்கண்ணாடியைத் தேடி எடுத்து வந்தேன். வெற்றிலை ஒன்றின் மடிப்பிலிருந்து, ஊசிமுனை உயரத்தில் ஒரு பச்சை இலை. பக்கத்தில் இன்னும் சில. எண்ணினேன். பதினொன்று. ஈரத்துணியைப் போட்டுவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். என் வீட்டுக்காரர் யாருக்கோ என்னமோ ஆகிவிட்டது என்று ஓடி வந்தார்.

நர்சரிக்காரருக்குப் போன் செய்து தீர்த்த மகிமையைச் சொன்னேன். அவர் மறுமுனையில் தலையில் அடித்துக்கொண்டது இங்கே கேட்டது. "நான் அன்னைக்கே சொன்னேன்ல? வெத்தல வந்ததும் மேல தண்ணி தெளின்னு. ஆம்பள நீந்திதான் பொம்பளகிட்ட போவணும். தண்ணி இல்லாம எப்படி லா நீந்தும்?" அவர் கடைசியாகச் சொன்னது அதுதானாம், நான் செங்கல்லில் நின்றுவிட்டபோது. கங்கைத் தண்ணீராக்கும் என்றேன். "கங்கையோ பைப்போ, அதுக்குத் தண்ணி போதும்," என்றார். பைப் தண்ணீரே போதும் என்றதை மட்டும் நான் அண்ணியிடம் இன்றுவரை சொல்லவில்லை.

இனிமேல் மறைக்க முடியாது. மறைக்கவும் பிடிக்கவில்லை. குட்டிகளுக்கு மூன்று நான்கு இலை வந்ததும், ஒரு வியாழக்கிழமை, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, காலி சட்டியைப் பையில் போட்டுக்கொண்டு, கேஎல் சென்ட்ரல் ஸ்டேஷனில் கிள்ளான் ரயில் ஏறினேன். அண்ணன் ஓட்டிய பாதை. வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தேன். அவர் இருந்திருந்தால் என் சார்பில் ஒரு அழகான பொய் சொல்லியிருப்பார்.

கடைசியில் உண்மையைத்தான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், பூச்சி, மண்ணெண்ணெய், டூத்பிரஷ், காசியைப் பார்த்துச் சொன்ன பொய், தூள், வெற்றிலை, அவர் ஊற்றிய தண்ணீர். அண்ணி காலி சட்டியை வாங்கி, அதன் அடியில் அண்ணன் போட்ட ஓட்டையை விரலால் தடவினார்.

"மண்ணெண்ணெயா ஊத்துனீங்க," என்றார்.

ஊத்துனீங்க. அந்த "ங்க"வில் எனக்கு உயிரே போயிற்று. "டப்பாவை வச்சிட்டுப் போங்க," என்று உள்ளே போய்விட்டார். தண்ணீர் காட்டும் முறையை ஒரு தாளில் எழுதி மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

பதினோரு நாள் போன் இல்லை. நான் செய்தாலும் எடுக்கவில்லை. என் வீட்டுக்காரரிடம் கெஞ்சினேன், போய்ப் பேசுங்கள், உங்கள் அக்காதானே. "நான் மச்சான் இல்ல," என்றார் அவர், அண்ணனை நினைத்து, பாவமாக. "அவரு மாதிரி எனக்குப் பொய் வராது." உண்மைதான். எங்கள் இருவருக்கும் நடுவில் போய்வர ஒருவரும் இல்லை. அந்தப் பதினோரு நாளில்தான் அண்ணன் இறந்துபோனது எனக்கு முழுசாக உறைத்தது. அவர் செடியையும் கொன்று, அவர் கட்டிவைத்த உறவையும் நானே அறுத்துவிட்டேன் என்றே ஓயாமல் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டாம் நாள் காலை போன் அடித்தது.

"ஏ புள்ள," என்றார் அண்ணி.

நான் அடுப்பை அணைத்தேன்.

"அந்த வெத்தல எல்லாம் காஞ்சு போச்சு. பழுப்பா சுருண்டு கிடக்கு. குட்டிங்க மட்டும் நிக்குது. நீ எழுதி வச்ச மாதிரிதான் தண்ணி காட்டுறேன். தப்பா எதும் செஞ்சிட்டனா?"

"இல்ல அண்ணி. அது அப்படித்தான். குட்டி சொந்தமா வேர் விட்டதும் வெத்தலைக்கு வேலை முடிஞ்சிரும். காஞ்சிரும்."

பின்னால் அவர் வீட்டு மின்விசிறி ஓடுவது கேட்டது.

"யாரும் அதைப் பாக்குறது கூட இல்லல்ல," என்றார். "செடியைத்தான் பாக்குறோம். நடுவுல கிடந்து ரெண்டையும் சேத்து வச்சிட்டு அது பாட்டுக்குப் போயிருது."

"ஆமா அண்ணி."

"அவரும் அப்படித்தான் லா," என்றார்.

இருவரும் அழுதோம். ஆளுக்கு ஒரு முனையில், ரொம்ப நேரம். அழுது முடித்ததும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஞாயித்துக்கிழம வா. மீன் வாங்கி வைக்கிறேன். நீயே ஆய்ஞ்சுக்க," என்றார்.

பதினொன்றில் ஆறு பிழைத்தது. மூன்றை அவர் வைத்துக்கொண்டு மூன்றை எனக்குக் கொடுத்தார், மண்ணெண்ணெய் டப்பா வீட்டில் இருக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. தினமும் காலையில் போன். இலை எத்தனை, எவ்வளவு நீளம், யார் வீட்டுக் குட்டி பெரியது. சண்டையும் திரும்பி வந்துவிட்டது, நல்ல உரத்த சண்டை. இரண்டாவது வருஷம் அவரிடம் இருந்த ஒன்றின் நுனி இரண்டாகப் பிரிந்தது. என்னுடைய மூன்றும் சாதுவான ஒற்றை நாக்கு. "ஒரு வீட்டுக்கு ஒன்னு போதும்," என்றார் என் வீட்டுக்காரர், என்னைப் பார்த்து. அந்த ரெட்டை நாக்குக் குட்டிதான் இப்போது ரைஸ் குக்கர் சட்டியில் இருக்கிறது.

இந்த வருஷம் தைப்பூசம் முடிந்த மூன்றாம் நாள். காலை ஏழு மணிகூட ஆகவில்லை, போன்.

"ஏண்டி, தூங்குறியா? செடிக்குப் பூச்சி வந்துருச்சுடி."

"என்னா பூச்சி?" என்றேன், பாதித் தூக்கத்தில்.

"இலைக்குப் பின்னால. நடு நரம்புலேருந்து ரெண்டு பக்கமும், வரிசை வரிசையா. சீப்பு மாதிரி."

தூக்கம் போய்விட்டது. எழுந்து உட்கார்ந்தேன். மறுமுனையில் அவர் சிரிப்பை அடக்குவது தெரிந்தது. எனக்கும் தாங்கவில்லை.

"மண்ணெண்ணெய் கொண்டு வரட்டுமா அண்ணி?"

"செருப்பு பிஞ்சிரும்," என்றார் அண்ணி. "முறுக்கு டப்பா கொண்டா. காலி டப்பாவா கொண்டா. வர்ற வழியில ஒரு செங்கல்லு கேட்டு வாங்கிட்டு வா."

அடுப்படியில் நான்கு டப்பா இருந்தது. ஒன்றில் இருந்த மிச்ச முறுக்கை என் வீட்டுக்காரரின் தட்டில் கொட்டிவிட்டு, டப்பாவைக் கழுவிப் பையில் போட்டேன். தூளைப் பிடிக்கப் பழைய பேப்பர் இரண்டு தாளும் எடுத்துக்கொண்டேன். ஏழே முக்கால் ரயிலுக்குப் போய்விட்டேன்.